உப்புக்காற்றும் உடம்பும்: தசை, கொழுப்பு, ஆன்டிஆக்ஸிடன்ட் பற்றி நம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று ஊர் ஊராகப் போய் உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. சாப்பாடும் உடல் உழைப்பும் சேர்ந்து உடம்பில் எதைக் கூட்டுகின்றன, எதைக் கரைக்கின்றன என்று எங்கே போனாலும் கேட்கிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன்.

“கடலுக்குப் போற ஆளுக்கு எதுக்குக்கா தனியா எக்சர்சைஸ்?”

எந்தத் தொழில், எந்தப் படகு என்று பார்த்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கரைவலை இழுப்பதை ஒரு காலை முழுக்க நின்று பாருங்கள். இரண்டு கயிறு, ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பேர். குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒருவர் பாட்டெடுக்க மற்றவர்கள் வாங்கிப் பாட, ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடக்கிறார்கள். மீன் சேரும் வலைப்பையான மடி கரைக்கு வர ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். தொடை, முதுகு, தோள், பிடி என்று எல்லாமே வேலை செய்கிறது. அந்த உழைப்புக்கு மேல் ஜிம் எதுவும் வேண்டாம்.

விசைப்படகில் கதை வேறு. வலையை வின்ச் என்ற இழுவை மெஷின் இழுக்கிறது. தூக்கம் கெடுகிறது, வெயில் வாட்டுகிறது, மீனைப் பிரித்துக் கொட்டும்போது முதுகு ஒடிகிறது. ஆனால் இதயம் வேகமாகத் துடிக்கும் நேரம் குறைவு. ஓட்டுகிற ஆளுக்கு இன்னும் குறைவு. அசதி வேறு, உடற்பயிற்சி வேறு. இரவு முழுக்கக் கண்விழித்து வந்தவர் களைத்துத்தான் இருப்பார், அதற்காக அவர் தசைக்குப் போதிய வேலை கிடைத்துவிட்டது என்று சொல்ல முடியாது.

“என் எடை பத்து வருஷமா மாறவே இல்ல. அப்புறம் எப்படிக் கொழுப்பு கூடியிருக்கும்?”

என் அப்பாவைத்தான் இதற்கு உதாரணம் சொல்வேன். நாற்பது வயதில் கரைவலை இழுத்த காலத்தில் 64 கிலோ. தொழிலை விட்டு, வலைக்கடையில் உட்கார ஆரம்பித்து, அறுபதாவது வயதில் தராசில் ஏறியபோதும் 64 கிலோதான். “பார்த்தியா, அப்படியே இருக்கேன்” என்றார். ஆனால் சட்டைக் கை தொளதொளவென்று தொங்கியது. அரைஞாண் கயிற்றை அந்த இருபது வருடத்தில் மூன்று தடவை பெரிதாக்கிக் கட்டியிருந்தார் அம்மா. கையிலும் தொடையிலும் இருந்த தசை கரைந்துபோக, அதே அளவுக்கு வயிற்றில் கொழுப்பு ஏறியிருந்தது. கூட்டினால் கணக்கு சரியாக வரும். தராசுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

முப்பது வயதைத் தாண்டினால், வேலை கொடுக்காத தசை பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை குறையும். அறுபதுக்கு மேல் அந்த வேகம் கூடும். நம் நாட்டு உடம்புக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புனே மருத்துவர் யாஜ்னிக், லண்டன் மருத்துவர் யுட்கின் இருவருக்கும் உயரத்துக்கும் எடைக்குமான கணக்கு, அதாவது பிஎம்ஐ, ஒரே மாதிரி 22.3. உடல் கொழுப்பை அளந்து பார்த்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கும் படத்தோடு 2004இல் ஒரு மருத்துவ இதழில் இது வந்தது. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தாண்டினாலே கவனிக்கச் சொல்கிறார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர். அதற்கு மேல் போனால் எடை எவ்வளவாக இருந்தாலும் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதித்துவிடுங்கள்.

அரைஞாண் கட்டியிருப்பவர்களிடம் டேப் கூட வேண்டியதில்லை. கயிறு இறுக ஆரம்பித்தால் அதுவே தகவல்.

“ஜிம்ல ஒரு மெஷின்ல ஏறி நின்னா கொழுப்பு எவ்வளவுன்னு காட்டுது. நம்பலாமா?”

ஓரளவுக்கு. அது உடம்புக்குள் மிக மெல்லிய மின்சாரத்தை அனுப்பி, எவ்வளவு தடை வருகிறது என்று பார்த்துக் கொழுப்பைக் கணிக்கிறது. தசையில் தண்ணீர் அதிகம், மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் தண்ணீர் குறைவு, தடுக்கும். நம் ஊர் வெயிலில் வியர்த்துக் கொட்டிவிட்டு, தண்ணீர் குடிக்காமல் ஏறி நின்றால் இல்லாத கொழுப்பைக் காட்டும். ஒரே மெஷின், காலையில் வெறும் வயிறு, மாதம் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

“தடைக்காலத்துல மட்டும் வயிறு போடுது. ஏன்?”

மீன்பிடித் தடைக்காலம் என்று ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. 2017க்கு முன்னால் 45 நாளாக இருந்தது. இந்த இரண்டு மாதமும் உடம்புக்கு என்ன நடக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை. கடலில் இருந்தபோது சாப்பிட்ட அதே அளவு சோறு, அதே மூன்று வேளை. உழைப்பு மட்டும் இல்லை. சாயங்காலம் டீக்கடை, ராத்திரி பரோட்டா. கையில் காசு குறையும் நாட்களில் முதலில் குறைவது மீனும் முட்டையும்தான், சோறு குறையாது. ஆக, தசைக்கு வேலையும் இல்லை, புரதமும் இல்லை. மிச்சமாகும் மாவுச்சத்து கொழுப்பாகச் சேர்கிறது.

அப்புறம் ஜூன் 15 காலையில், இரண்டு மாதம் உட்கார்ந்திருந்த முதுகை வைத்துக்கொண்டு வலை தூக்குகிறார்கள். அந்த வாரம் இடுப்பு வலி என்று வருகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

தடைக்காலத்தில் ஒரு கரண்டி சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் ஒரு கை சுண்டலோ பாசிப்பயறோ வையுங்கள். நாட்டுப்படகு மீன் வரும். சாளை, சூடை, காரல் என்று விலை கம்மியான பொடிமீன் வாங்கினால் போதும். படகைக் கரையேற்றுவது, வலை காயப்போடுவது, பெயிண்ட் அடிப்பது என்று உடம்பு வேலைகளைக் கூலிக்கு விடாமல் நீங்களே செய்யுங்கள்.

“ஆன்டிஆக்ஸிடன்ட்னா என்ன? எல்லா பாக்கெட்லயும் போட்டிருக்கான்.”

இரும்பு துருப்பிடிப்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஆக்ஸிஜன்தான் காரணம், உப்புக்காற்று அதை வேகப்படுத்துகிறது. நம் உடம்பும் ஆக்ஸிஜனை எரித்துத்தான் ஓடுகிறது. எரியும்போது ஃப்ரீ ராடிக்கல் என்ற நிலையில்லாத துகள்கள் தெறிக்கும். அவை பக்கத்தில் இருக்கும் கொழுப்பு, புரதம், மரபணு எதையாவது பிடித்துக் கெடுக்கும். அதைத் தடுப்பது ஆன்டிஆக்ஸிடன்ட்.

இது வெளியிலிருந்து வாங்கிப் பூசும் பெயிண்ட் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பழைய பாம்பன் ரயில் பாலத்தை நினைத்துப் பாருங்கள். 1914இல் திறந்தது, அப்படிப்பட்ட உப்புக்காற்றில் 2022 கடைசி வரை ரயில் ஓடியது. ஒரு தடவை அடித்த பெயிண்டால் அது நிற்கவில்லை. தட்டி, சுரண்டி, பூசி, தகடு மாற்றி என்று ஆட்கள் வருடம் முழுக்க அதில் தொங்கிக்கொண்டே இருந்தார்கள். உடம்புக்குள்ளும் அப்படி நிரந்தர வேலையாட்கள் உண்டு: சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளூட்டாதயோன் பெராக்ஸிடேஸ் என்ற நொதிகள். முக்கியப் பாதுகாப்பு இவர்கள்தான். சாப்பாட்டில் வரும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, கரோட்டின் எல்லாம் இவர்களுக்குத் துணை. இந்த நொதிகளைக் கட்டுவதற்குத் துத்தநாகம், தாமிரம், மாங்கனீஸ், செலினியம் வேண்டும். நாம் சாப்பிடும் மீனிலும் நண்டிலும் செலினியம் தாராளமாக இருக்கிறது.

“மூச்சு வாங்க ஓடினா ஆக்ஸிஜன் அதிகம் எரியும்ல? அப்ப ஃப்ரீ ராடிக்கலும் கூடுமே?”

கூடும். இந்தக் கேள்வியைத் தங்கச்சிமடத்தில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான். நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன், ஏனென்றால் விஷயத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது.

வேலை செய்யும் தசையில் ஃப்ரீ ராடிக்கல் கூடுகிறது என்பது 1980களின் தொடக்கத்திலேயே காட்டப்பட்டுவிட்டது. அந்தச் சின்ன அடிதான் உடம்புக்குச் செய்தி. “வேலை கூடிவிட்டது, ஆட்களைக் கூட்டு” என்று செல் புரிந்துகொண்டு, மேலே சொன்ன நொதிகளை அதிகமாகச் செய்கிறது. கயிறு இழுத்துக் கை காய்த்துப்போவது மாதிரி. முதல் நாள் கொப்புளம், அப்புறம் தோல் தடித்து, அதே கயிறு வலிக்காமல் போகும். தினமும் அளவோடு உழைக்கும் உடம்பு, தன்னைக் காக்கும் திறனையும் தினமும் கொஞ்சம் கூட்டிக்கொள்கிறது. வருடத்தில் ஒரு நாள் மாரத்தான் ஓடினால் அடி மட்டும் விழும், காய்ப்பு வராது.

2009இல் ஜெர்மனியின் யேனா நகரத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி. ஒரு பாதிப் பேருக்குத் தினமும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 யூனிட் வைட்டமின் ஈயும் மாத்திரையாகக் கொடுத்தார்கள். மாத்திரை இல்லாதவர்களுக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்ய ஆரம்பித்தது, உடம்பின் சொந்தப் பாதுகாப்பும் கூடியது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. செய்தி வருவதற்கு முன்னாலேயே அதை மாத்திரை அடக்கிவிட்டது. எல்லாப் பலனும் போய்விடும் என்று இதற்கு அர்த்தமில்லை. பின்னால் நடந்த ஆய்வுகளில் மூச்சுத் திறன் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி ஏறியதும் உண்டு. ஆனாலும் உடற்பயிற்சி செய்கிறவர் காசு கொடுத்து அதன் பலனைக் குறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

“அப்ப மாத்திரையே வேண்டாமா? நான் பீடி குடிக்கிறவன், அதனாலதான் கேக்குறேன்.”

உங்களுக்குத்தான் ரொம்ப முக்கியமாகச் சொல்ல வேண்டும், அண்ணே. பின்லாந்தில் 29,133 புகைபிடிக்கும் ஆண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள்; முடிவு 1994இல் வந்தது. தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடிவிட்டது. அமெரிக்காவில் நடந்த இன்னோர் ஆய்வையும் இதே காரணத்துக்காக 1996இல் பாதியில் நிறுத்தினார்கள். கேரட்டிலும் முருங்கைக் கீரையிலும் இருக்கும் கரோட்டினால் இந்த ஆபத்து கிடையாது, தாராளமாகச் சாப்பிடுங்கள். மாத்திரையை விடுங்கள். பீடியையும் விடுங்கள், ஒவ்வோர் இழுப்பும் ஃப்ரீ ராடிக்கலை நேராக நுரையீரலுக்குள் கொட்டுகிறது, எந்தக் கீரையாலும் அதை ஈடுகட்ட முடியாது.

குறைபாடு இருக்கிறது என்று பரிசோதித்து மருத்துவர் கொடுக்கும் இரும்பு, பி12, வைட்டமின் டி மாத்திரைகளை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவற்றை நிறுத்தக் கூடாது.

“ரத்தத்துல ஆன்டிஆக்ஸிடன்ட் அளவு பார்க்க டெஸ்ட் இருக்காமே?”

இருக்கிறது, ஆய்வுக்குப் பயன்படும். உங்களுக்கு வேண்டாம். ரத்தத்தின் மொத்த ஆன்டிஆக்ஸிடன்ட் திறனில் பெரும் பங்கு யூரிக் அமிலத்துடையது. அது கூடிக் கட்டைவிரல் வீங்கி நடக்க முடியாமல் இருப்பவருக்கு இந்த டெஸ்டில் ‘பிரமாதம்’ என்று வரும்! அந்தக் காசுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவும் ஹீமோகுளோபினும் பாருங்கள்.

“நம்ம ஊர்ல கிடைக்கிறதுலயே எதைச் சாப்பிடலாம்?”

நம் கடற்கரைச் சாப்பாட்டில் குறை தேடுவதைவிட, எதைக் கைவிட்டோம் என்று தேடினால் நல்லது.

மீனிலிருந்து தொடங்குகிறேன். நூறு கிராம் மீனில் 18 முதல் 20 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. மதியம் நாலு துண்டு சாளை, காலையில் ஒரு முட்டை, ராத்திரி ஒரு கிண்ணம் பயறு, கொஞ்சம் தயிர் என்றால், சோறு இட்லியில் வருவதோடு சேர்த்து அது நிறைந்துவிடும். சீலாவும் வாவலும் ஏற்றுமதிக்கும் விருந்துக்கும் போகட்டும். சாளையில் ஒமேகா 3 கொழுப்பு நிறைய. ஆனால் அந்தக் கொழுப்பு சீக்கிரம் கெடக்கூடியது. குழம்பில் போட்டால் நிற்கும். கொதிக்கும் எண்ணெயில் பொரித்தால் கொஞ்சம் கெட்டு, பதிலுக்கு எண்ணெயைக் குடித்துக்கொண்டு வரும். ரோட்டோரத்தில் மீன் பொரிக்கிற சட்டியை எட்டிப் பாருங்கள். எண்ணெய் கறுத்து, பாகு மாதிரி தடித்து, ஓரத்தில் நுரை கட்டியிருந்தால் அங்கே சாப்பிடாதீர்கள். பலமுறை காய்ந்த எண்ணெய் என்பது ஏற்கெனவே துருப்பிடித்த கொழுப்பு.

முண்டு மிளகாய்: 2023இல் நம் மாவட்டத்து முண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தச் சிவப்பே கரோட்டின் வகைதான், கொஞ்சம் எண்ணெயோடு சேர்ந்தால்தான் உடம்பில் ஏறும். குழம்பு தாளிக்கிற எண்ணெயே போதும். முருங்கைக் கீரையும் அப்படித்தான். கொல்லையில் நிற்கும் முருங்கையை ஆட்டுக்கு ஒடித்துப் போட்டுவிட்டு, அதே இலைப் பொடியை டப்பாவில் நூற்றுக்கணக்கில் கொடுத்து வாங்குகிறார்கள். எனக்கு அது தாங்கவே இல்லை.

வைட்டமின் சிக்கு ஒரு கொய்யா. நூறு கிராமில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு நாள் தேவை ஆணுக்கு 80, பெண்ணுக்கு 65தான். நெல்லியும் நல்லது. இரண்டையும் பச்சையாகத் தின்னுங்கள், வேகவைத்தால் பாதி போய்விடும்.

கருப்பட்டியையும் பதநீரையும் பற்றி எல்லாரும் கேட்பார்கள். நானும் பனங்காட்டுப் பிள்ளைதான், ஆசையாகக் குடிப்பேன். சர்க்கரையில் இல்லாத தாது உப்புகள் கருப்பட்டியில் கொஞ்சம் உண்டு. ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். ‘கருப்பட்டி காப்பிதானே’ என்று நீரிழிவுக்காரர்கள் நாலு டம்ளர் குடிக்கக் கூடாது.

“கருவாடு?”

புரதம் செறிந்தது, உப்பும் செறிந்தது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம் உப்புக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரம் ஒரு தடவை, வெந்நீரில் இரண்டு முறை அலசி, அன்றைக்கு ஊறுகாய் அப்பளம் இல்லாமல் சாப்பிடுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் அதுவும் வேண்டாம்.

“நாங்க கடல்பாசி எடுக்கப் போறவங்க. நாள் பூரா தண்ணியிலதான். ஆனாலும் தெம்பே இல்லையேக்கா?”

சின்னப்பாலத்தில் ஒரு விடியற்காலை இவர்களோடு கரையில் இருந்தேன். சேலைக்கு மேல் சட்டை. பாறை கிழிக்காமல் இருக்க ஒவ்வொரு விரலிலும் துணியைச் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார் ஒரு பாட்டி. அறுபது தாண்டியிருக்கும். முன்கை கயிறு முறுக்கின மாதிரி இருந்தது. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். “கடுங்காப்பி, தாயி. திரும்பி வந்துதான் கஞ்சி.”

உங்களுக்குக் குறைவது உழைப்பு இல்லை. மூச்சடக்கி முங்கி எழும் வேலை ஐந்து மணி நேரம், வயிற்றில் ஒன்றுமில்லாமல். எரிக்கக் கையிருப்பு இல்லாதபோது உடம்பு தசையைப் பிரித்து எரிக்கும். நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. ரத்தம் குறைந்தால் எந்த வேலையும் மலையேறுவது மாதிரிதான் இருக்கும். போகும் முன் பழைய சோறு ஒரு கிண்ணம், கூட ஒரு அவித்த முட்டையோ கடலையோ. சாப்பாட்டோடு டீ, காப்பி வேண்டாம், அது இரும்புச்சத்தை ஏறவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சாப்பிட்டவுடன் அரை எலுமிச்சை பிழிந்த தண்ணீர், அது இரும்பை ஏற்றிவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள்.

“நோன்பு மாசத்துல மூணு கிலோ குறையுது, பெருநாள் முடிஞ்சதும் ஏறிடுது. கொழுப்பு குறையுறதா, சதை குறையுறதா?” (கீழக்கரையில் ‘லாத்தா’ என்று கூப்பிடும் அக்கா ஒருவர்)

முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் தண்ணீர். அப்புறம் கொழுப்பும் கொஞ்சம் தசையும். நோன்புக் கஞ்சி அருமையான உணவு, லாத்தா. அரிசி, பருப்பு, வெந்தயம், கொஞ்சம் கறி எல்லாம் சேர்ந்தது. அதற்குப் பக்கத்தில் வரும் வாடாவும் சமோசாவும் கலர் சர்பத்தும்தான் கணக்கைக் கெடுக்கின்றன. பேரீச்சை, தண்ணீர், கஞ்சி, ஒரு பழம் என்று நோன்பு திறங்கள். விடியும் முன் சாப்பிடும் சஹரில் வெறும் சோறும் தயிரும் போதாது, முட்டையோ மீனோ வேண்டும். தராவீஹ் தொழுகைக்கு நடந்து போய் வாருங்கள். நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் நோன்பு தொடங்கும் முன்பே மருத்துவரிடம் நேரத்தையும் அளவையும் மாற்றிக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

“சாப்பாட்டைக் குறைச்சா போதுமா, நடந்தாலே போதுமா?”

நடை மட்டும் என்றால் எடை மெதுவாகத்தான் இறங்கும். ஆனால் தராசு அசையாவிட்டாலும் குடலைச் சுற்றிய கொழுப்பு கரையும், சர்க்கரை இறங்கும். பட்டினி மட்டும் என்றால் எடை வேகமாக இறங்கும். போகிற நாலு கிலோவில் சுமார் ஒரு கிலோ கொழுப்பில்லாத பகுதி, பெரும்பாலும் தசை. பட்டினியை விட்டதும் திரும்பி வருவது கொழுப்பு. சோற்றை அளவாகக் குறைத்து, புரதத்தைக் குறைக்காமல், தசைக்குச் சுமையும் கொடுத்தால்தான் போவது கொழுப்பாக இருக்கும். கொழுப்பு குறைந்தால் ஃப்ரீ ராடிக்கலும் குறையும். வயிற்றுக் கொழுப்பே அதை உற்பத்தி செய்யும் இடங்களில் ஒன்று.

“வீட்டு வேலையே சரியா இருக்கு. எனக்கு ஜிம்மும் இல்ல, நேரமும் இல்ல. எதுல ஆரம்பிக்க?”

வாரத்துக்கு 150 நிமிட நடையும், இரண்டு நாள் தசைக்குச் சுமையும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன குறைந்தபட்சக் கணக்கு. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கடற்கரையில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வேகமாக நடங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஈர மணலில் நடந்தால் முட்டிக்கு லேசு, காய்ந்த மணலில் நடந்தால் தொடைக்கு வேலை. செவ்வாய், வெள்ளி இரண்டு நாள், பிளாஸ்டிக் நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்துத் தடவை உட்கார்ந்து எழுங்கள். மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொரு பத்து. அடுத்த மாதம் அரைக்குடம் தண்ணீரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அதையே செய்யுங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், வழுக்காது.